யார் கதவைத் தட்டுவீர்கள்?

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பாவின் இழுப்பு தணிந்ததா? மாப்பிள்ளைக்குக் கிடங்கில் பகல் வேலை கொடுத்துவிட்டார்களா? போனில் கேட்டால், உங்கள் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான படிக்கட்டில் நின்றுகொண்டு "ம்", "ஆமா", "அப்புறம் சொல்றேன்" என்கிறாய். கடிதத்திலாவது பழைய வாயாடியாக இரு.

ஒரு செய்தி. எங்கள் ஆய்வு மையத்துக்குப் புதிய வேலை வந்திருக்கிறது. அடைக்கலம் கேட்டு, முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று கண்டறிந்து அரசுக்குப் பரிந்துரை எழுத வேண்டும். இந்த முறை கேள்விகளை நாங்கள் கேட்கப்போவதில்லை. அந்தந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களே அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவர்களுக்குச் 'சக ஆய்வாளர்' என்று பெயர். தேர்வான கட்டடங்களில் உங்களுடையதும் ஒன்று.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அறிக்கைகள் அலமாரியை நிரப்புவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே பெரிய வார்த்தை எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியாள் வந்து கேட்டால் உங்கள் ஆட்கள் எல்லாம் நன்றாயிருக்கிறது என்பார்கள். நீ கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். மையமான கேள்வி ஒன்றுதான்: நெருக்கடி என்றால் யார் கதவைத் தட்டுவீர்கள்?

யோசித்து எழுது. முடியாது என்றாலும் வருத்தமில்லை.

உன் அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கு வேறு மாதிரி எழுதியிருக்கிறாய்? அவருக்கு இன்னும் இரவு வேலைதான். நான் விழிக்கும்போது அவர் தூங்கப்போகிறார். "நாம ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல வாடகைக்கு இருக்கோம், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்" என்று சிரிக்கிறார்.

நீ சொன்னதைச் சமையலறையில் சொன்னேன். ஒரு மாடிக்கு ஓர் அடுப்பு என்பதால் எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்போம். எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். இங்கே வந்த பிறகு அவர் கணக்குப் போடுவது எங்களை மட்டும்தான்.

"போன வருஷமும் ஒரு பொண்ணு வந்துச்சு. நம்ம சொல்லச் சொல்லத் தலைய ஆட்டுச்சு பாரு, தலையாட்டி பொம்மை தோத்துச்சு. கடைசியில என்ன கெடச்சுது? வாசல்ல ஒரு போர்டு. இங்கே பந்து விளையாடக் கூடாதுன்னு."

"இது எங்க அக்கா, டீச்சர்."

"அப்ப சரி. தலையாட்டினா நீயே குட்டு வெச்சிருவ."

எல்லோரும் கேட்பது ஒன்றுதான். கட்டடத்தில் ஒரு மருத்துவ அறை. இங்கிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போவதற்குக் காப்பாளரிடம் சீட்டு வாங்க வேண்டும். அவர் அறை பத்து மணிக்குத்தான் திறக்கும். பாப்பாவின் மூச்சுக்கு அந்த நேரம் தெரியாதே.

சம்மதம். ஆனால் இதைப் படித்ததும் கிழித்துவிடு. நீ கேட்கும் கேள்விக்கு இந்தக் கட்டடத்தில் ஒரே பதில்தான் வரும். தரைத்தளத்தில் சலவை அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அலுவலகக் கணக்கில் அது காலி. அங்கே ஒருவர் இருக்கிறார். நம் நாட்டில் நர்ஸாக இருந்தவர். மனுவைத் தள்ளிவிட்டார்கள், நாட்டைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. போனால் அவரை யார் எதிர்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியாததல்ல. போன மாதம் பாப்பாவுக்கு உதடு நீலமானபோது அந்தக் கதவைத்தான் தட்டினேன்.

அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டுக் கேட்கலாமா? நீ சொல்.

உன் வாயாடி

*

மார்ச் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலமே. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பாப்பாவைப் பற்றி எனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம்.

விடவேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். எல்லோரும் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள் என்பது தெரிந்தால்தான், அங்கே ஒரு மருத்துவ அறை இல்லை என்பதே மேலே இருப்பவர்கள் கண்ணில் படும். அதை விட்டுவிட்டால், உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

பெயர் எழுத வேண்டாம், அறை எண் எழுத வேண்டாம், எதையும் காகிதத்திலேயே எழுத வேண்டாம். வேறோர் இடத்தில் செய்து பார்த்த முறை ஒன்று இருக்கிறது. பழைய போர்வை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொத்தான். யார் யாரிடம் உதவிக்குப் போகிறார்களோ அந்த இரண்டு பொத்தான்களுக்கும் இடையே ஒரு நூல். பொத்தானுக்குப் பெயர் கிடையாது. பார்ப்பவருக்கு ஒரு வடிவம் தெரியும், ஆள் தெரியாது.

நான் சந்தேகப் பிராணி என்று உனக்குத் தெரியும். நானே சொல்கிறேன், இதில் பயமில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே எல்லோருக்கும் தும்மல். ஆனால் சந்தோஷமான தும்மல். பழைய போர்வையை உதறியதில் வந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்து முடித்தோம். தானமாக வந்த கோட்டுகளிலிருந்து பொத்தான்களை வெட்டினோம். ஐந்தாம் மாடியில் இருக்கும் புதுப்பெண், கணவன் வந்து சேரவில்லையென்று யாரிடமும் பேசாமல் இருந்தவள், தனக்குப் பச்சைப் பொத்தான்தான் வேண்டும் என்று சண்டை போட்டாள். கணக்கு டீச்சர் மாடி மாடியாகக் கோடு போட்டுக் கொடுத்தார். யார் வீடு எங்கே என்று குழப்பமே வரவில்லை. நான் வெறுமனே கேள்வியைக் கேட்டேன், அவரவர் நூலை அவரவர் கட்டினார்கள். நூலெல்லாம் மேலிருந்து கீழே இறங்கி ஒரே மூலைக்கு ஓடியது. போர்வை அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது, அக்கா. இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

சின்ன அறைக்காரரிடம் கேட்காமல் செய்யவில்லை. சலவை அறையில் துணி பிழிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"இவ்வளவு பேரா என் தூக்கத்தைக் கெடுத்தீங்க?" என்றார்.

"வேண்டாம்னா சொல்லுங்க. எடுத்துடறோம்."

"எதுக்கு எடுக்கணும்? எந்தக் கணக்குலயும் நான் இல்ல. இதுலயாவது இருந்துட்டுப் போறேன்."

தன் சட்டையின் கைப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானைப் பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தார்.

பார்சல் நாளை புறப்படும். பத்திரம்.

உன் வாயாடி

*

ஏப்ரல் 19

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்குச் சளி பிடித்து விட்டது. வேறொன்றுமில்லை. அனைவருக்கும் என் அன்பு.

போர்வை வந்து சேர்ந்தது. எங்கள் கூட்ட மேசை முழுவதும் விரித்துப் போட்டோம். வேறு கட்டடங்களிலிருந்து வந்தவை அட்டையில் ஒட்டிய வட்டங்கள்தான். இதைப் பார்த்துவிட்டு இயக்குநர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று ஒரு விருந்தினரும் வந்திருந்தார். அமைதியானவர், அவர் கேள்விகளெல்லாம் பொருத்தமாக இருந்தன. குனிந்து ஒவ்வொரு நூலாகப் பார்த்தார்.

ஒன்று கேட்க வேண்டும். பொத்தான்களை ஏன் வரிசை வரிசையாக வைத்தீர்கள்? ஓரத்தில் பழுப்பு நூலால் ஏணி மாதிரி ஒன்று தைத்திருக்கிறீர்களே, அது என்ன? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என் வேலை ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். இந்த ஆய்வு முடியும்வரை கவலையில்லை.

உன் அக்கா

*

மே 3

அக்காவுக்கு,

சளி போயிற்றா? வெந்நீர் குடி. சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

ஏணி இல்லை, அது படிக்கட்டு! வரிசை வரிசையாக இருப்பது மாடிகள். கீழே இருப்பது தரைத்தளம், இடது மூலையில் சலவை அறை. வேறெப்படி வைப்பார்கள்? வீட்டைத் தைக்கச் சொன்னால் வீடு இருக்கிற மாதிரிதானே தைப்போம். டீச்சரிடம் நீ கேட்டதைச் சொன்னேன். "உங்க அக்கா படிச்ச படிப்புக்குப் படிக்கட்டு தெரியலையா?" என்றார். நான் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று ஏன் எழுதினாய்? நீ எப்போதும் தெரிந்துகொள்ளத்தானே கேட்பாய்.

அந்த விருந்தினர் யார்? எங்கே வேலை பார்க்கிறார்?

ஐந்தாம் மாடிப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வெள்ளைப் பொத்தான்தான் தினமும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறது. இனி அவரை அப்படித்தான் எழுதப்போகிறேன். பதில் போடு.

உன் வாயாடி

*

மே 25

அக்காவுக்கு,

பதில் இல்லை. வேலை அதிகமாயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போனையும் நீ எடுக்கவில்லை. நாங்கள் நலம்தான்.

நான் கேட்டதை மறந்துவிட்டாயோ என்று மறுபடி எழுதுகிறேன். விருந்தினர் யார்?

உன் வாயாடி

*

ஜூன் 9

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இப்போது நான் பயந்து எழுதுகிறேன்.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்ததாகக் காப்பாளர் சொன்னார். குழாயைத் தொடவே இல்லை. ஒருவர் சுவரில் அளவு நாடாவைப் பிடித்தார், இன்னொருவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று போனைப் பார்த்தார். நான் துணிக்கூடையோடு அவருக்குப் பின்னால் போனேன். அவர் போனில் நம் போர்வை, அக்கா. கண்ணாடிக்குள் மாட்டி, மேலே விளக்குப் போட்டு எடுத்த படம். அவர் அதை விரலால் பெரிதாக்கிக்கொண்டே, "இது படி. இதுலேருந்து இடது பக்கம். ரெண்டாவது கதவு" என்றார்.

வெள்ளைப் பொத்தான் அப்போது நல்லவேளையாக ஐந்தாம் மாடியில் இருந்தது. அறையில் இருந்த பாயைப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்று கேட்டார்கள். டீச்சர் முன்னால் வந்து, "என்னுது. எங்க மாடியில குறட்டைச் சத்தம் தாங்கல, இங்க வந்து படுப்பேன்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கயாவது போயிடுங்க" என்று வெள்ளைப் பொத்தானிடம் சொன்னேன். "ஐந்தாம் மாடிக்கு நாள் நெருங்குது, அத முடிச்சிட்டுப் போறேன்" என்கிறார்.

நம் போர்வை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது?

தங்கை

*

ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் வேலை என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன்.

உங்கள் ஊரில் இந்த மாதம் மழை அதிகம் என்று கேள்விப்பட்டேன். தரைத்தளத்தில் துணி துவைப்பதைச் சிறிது காலத்துக்கு நிறுத்திவிடுங்கள். துவைத்ததையும் அங்கே வைக்க வேண்டாம். வேறு கட்டடத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கே கொண்டுபோய் உலர்த்துங்கள். என்னிடமே கொண்டுவந்தாலும் சரி. தள்ளிப்போட வேண்டாம்.

காரணத்தைக் கேட்காதே. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே செய்.

உன் அக்கா

*

ஜூன் 15

தங்கச்சிக்கு,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒளித்து எழுதிப் பயனில்லை.

போர்வை குடியமர்வுத் துறையின் வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மனுக்களைத் தள்ளி ஆட்களை நாட்டைவிட்டு அனுப்பும் அதே துறை. இந்த ஆய்வுக்குப் பணம் தருவதும் அந்தத் துறைதான். தொடக்கத்தில் ஓர் அறக்கட்டளை தருவதாக இருந்தது. பிப்ரவரி முடிவதற்குள் மாறிவிட்டது. உனக்கு மார்ச்சில் எழுதியபோது எனக்கு அது தெரியும். விருந்தினர் அந்தத் துறைக்காரர். போர்வையை இரவலாகக் கேட்டார்கள். படிக்கட்டு என்று நீ எழுதிய பிறகு இயக்குநரிடம் போய்த் திருப்பி வாங்கச் சொன்னேன்.

"பேரே இல்லாத துணியைப் பார்த்து யார் என்ன பண்ண முடியும்? நீங்கதானே அப்படி வடிவமைச்சீங்க?" என்றார்.

நான் என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். அவரை என்னோடு அழைத்துப்போகிறேன். தயாராக வைத்திரு.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். காப்பாளர் எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். கடிதங்களை இப்போது அவர் அறையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். உறையை ஒட்டாமல் கொடுத்தால் அவருக்கும் சிரமம் இல்லை.

சனிக்கிழமை நீ வந்து வாசலில் நின்றது தெரியும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வியாழக்கிழமையே முடிந்துவிட்டிருந்தது.

ஐந்தாம் மாடிப் பெண்ணுக்கு நாளுக்கு முன்பே வலி எடுத்தது. வண்டி வந்து நிற்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வெள்ளைப் பொத்தானுக்கும் கேட்டது. "குழந்தை தலை தெரியுது, இப்ப என்ன பண்றது?" என்றார். அவ்வளவுதான். வண்டியில் வந்தவர்கள் கதவருகே நின்று பொறுமையாகக் காத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். குழந்தையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார். செருப்பு தரைத்தளத்தில் கிடந்தது. எடுத்துவர விடவில்லை.

எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தாரா என்றும் தெரியவில்லை.

சமையலறையில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. டீச்சர் ஒரு தடவை மட்டும் பேசினார்.

"உங்க அக்காவுக்கு வழி தெரியணும்னு நல்லாக் கோடு போட்டுக் கொடுத்தேன் இல்ல?"

அவர் என்னைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அது இன்னும் கொடுமை.

மழை பெய்யவில்லை, அக்கா. உன் மழைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.

தங்கை

*

அக்டோபர் 14

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள்?

நான் எழுதிய மூன்று கடிதங்கள் கிடைத்தனவா? அவரைத் தேடி நான்கு அலுவலகங்களுக்கு எழுதினேன். மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை.

நான் ராஜினாமா செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்பவர்களை நான் எப்போதும் நம்பியதில்லை.

எங்கள் பரிந்துரையை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் கட்டடத்தில் மருத்துவ அறை திறந்துவிட்டதாகத் துறையின் செய்திக் குறிப்பில் பார்த்தேன். குடியிருப்பவர்களின் குரலைக் கேட்டு எடுத்த முடிவு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் சுற்று ஆய்வு வருகிறது. அதே கேள்வியைக் கேட்டு, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். உன் பெயரை நான் கொடுக்கவில்லை. பழைய பதிவிலிருந்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மறுத்துவிடு.

அக்கா

*

நவம்பர் 20

மதிப்பிற்குரிய ஆய்வாளருக்கு,

நலம்.

மறுக்கவில்லை. மறுத்தால் மனுவில் குறித்துக்கொள்வோம் என்று காப்பாளர் சொன்னார். கதவு கதவாகப் போய்க் கேட்டுவிட்டேன். இந்த முறை நூல் தேவைப்படவில்லை. நெருக்கடி என்றால் யார் கதவைத் தட்டுவீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். யார் கதவையும் தட்டுவதில்லை. கணக்கு டீச்சர் கதவைத் திறக்காமலே சொன்னார். ஐந்தாம் மாடியில் குழந்தை அழுதது, அதன் அம்மா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பொத்தான்களை மட்டும் தைத்து அனுப்பியிருக்கிறேன். வரிசை இல்லாமல், கலைத்துத் தைத்திருக்கிறேன். வெள்ளைப் பொத்தான் கேட்க வேண்டாம்.

மருத்துவ அறை நன்றாக இருக்கிறது. சலவை அறைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு இடது பக்கம், இரண்டாவது கதவு. சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பாப்பா அதில் ஏறிப் பார்த்தாள்.

கட்டடத்திலேயே மருத்துவ அறை வந்துவிட்டதால் விதி மாறியிருக்கிறது. வெளியே மருத்துவமனைக்குப் போக இனிக் காப்பாளர் சீட்டு செல்லாது. இந்த மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும்.

விடியற்காலையிலிருந்து பாப்பாவுக்கு இழுப்பு. என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது வழி உண்டா என்று கேட்க என் கணவர் காப்பாளர் அறை வாசலில் நிற்கிறார். பத்து மணிக்குத் திறப்பார்கள். ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன். அவள் பேசவில்லை, மூச்சு விடுவதே அவளுக்கு வேலையாக இருக்கிறது. உதட்டை நான் பார்க்காமல் எழுதுகிறேன்.

மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். இன்று புதன்.